ராயப்பன் காலில் வந்த புண்

கல்வராயன் மலைக்கு பஸ் ஓட்டிய ராயப்பனுக்கு வலது கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம் வந்தது. கொசுக்கடி என்று சொறிந்துவிட்டான். சில நாளிலேயே அது உடைந்து, ஓரமெல்லாம் நாவற்பழ நிறத்தில் ஊதி, உள்ளங்கை அகலப் புண்ணாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்ததில் சர்க்கரையும் இல்லை. அழுகின சதையைச் சுரண்டிக் கட்டுப் போட்டார்கள். சுரண்டச் சுரண்டப் புண் அகன்றது.

"தொட்டா கோவிச்சுக்கினு பெருசாவுதே, இன்னாங்க இது?" என்று அழுதாள் அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள்.

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டர் செந்தமிழ்ச்செல்வி வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இனிமே இதுல கத்தியே வைக்கக் கூடாது. ரத்தத்தைப் பாத்துடலாம்."

"புண்ணு காலுல. ரத்தத்துல இன்னாங்க தேடுறீங்க?" என்றான் ராயப்பன்.

"நம்மளக் காக்குற அணுவே சில பேருக்குச் சொந்தத் தோலைத் தாக்கும். அதுக்குப் பின்னால வேற நோய் ஒளிஞ்சிருக்கலாம்."

ரத்தத்தில் அணுக்கள் குறைவாக இருக்கவே, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் ஊறும் இடத்திலேயே கோளாறு. அணுக்கள் சரியாக முதிரவில்லை. ஒரு வருஷமாக இருந்த அசதியை வயசு என்று நினைத்திருந்தான்.

தோலைத் தாக்கும் அணுக்களை அடக்க, வார்டில் சேர்த்து ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் தூக்கமும் விழிப்பும் கலந்துபோயின. பகலிலேயே கட்டில் மெல்ல மலையேறும். ஜன்னல் வழியே வார்டுக்குள் மூடுபனி இறங்கும். எதிர்க் கட்டில்காரர்கள் மரவள்ளி மூட்டையோடு ஏறிய பயணிகளாகிவிடுவார்கள். போர்வைக்குள் அவன் கால் பிரேக்கைத் தேடும்.

இஞ்ஞாசியம்மாள் முழங்காலை அழுத்திப் பிடிப்பாள். "ஆட்டாதீங்க."

"வளைவு வருது இஞ்ஞாசி, கெட்டியா புடிச்சுக்கோ."

"புடிச்சுக்கினுதான் இருக்கேன்."

மெல்ல மெல்லப் புண் மூடியது. கசங்கின காகிதம் போல ஒரு தழும்பு மிஞ்சியது. ரத்தக் கோளாறு போகவில்லை. அவ்வப்போது போய் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். பஸ் ஓட்டும் வேலையை விட்டுவிட்டான்.

மழை விட்ட ஒரு காலையில் மனைவியோடு மலைமேல் கரியாலூர் போகும் பஸ்ஸில் ஏறினான். கூட வேலை செய்த கலையரசன்தான் ஸ்டியரிங்கில் இருந்தான்.

"அண்ணே, ஜன்னலாண்ட குந்துங்க."

இத்தனை வருஷமும் ராயப்பன் பார்த்தது தார் ரோட்டை மட்டும்தான். இப்போது ரோட்டோரம் சட்டென்று விலக, கீழே பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. சாமை வயல்கள் மேல் மேகத்தின் நிழல் அவசரமில்லாமல் நடந்து போயிற்று.

"இஞ்ஞாசி, அங்க பாரு! இவ்ளோ பள்ளமா இருந்துதா?"

அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். அவளை எழுப்பாமல் அவன் பார்த்துக்கொண்டே போனான்.