பூட்டக்காவின் முதல் கேள்வி

இரண்டு கைகளாலும் தூக்கி வந்த துணிக்கூடையைக் கட்டிலில் இறக்கி வைத்த பிறகுதான், எதிரே நிற்கும் கணவரிடம் ஹேங்கர் கேட்கிறார் அவர். "வர்ற வழியிலேயே கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று அலுத்துக்கொள்கிறார் கணவர். "கையில ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கேட்டா வம்புங்க" என்கிறார் அவர். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. இருவரில் யாரும் மாறியபாடில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர். கணினியின் இயங்குதளத்தில் கோப்புகளை டிஸ்க்கில் சேமித்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் பகுதியை எழுதுகிற கூட்டம் அது. யார் எதை எழுதினாலும் அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும். அந்த வேலைக்கு நடுவே கொஞ்சம் நினைவகம் தேவைப்படும். அதை நினைவகக் காவலன் என்ற இன்னொரு நிரலிடம் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் பூட்டக்காவின் உயிரே இருக்கிறது.

ஒரே துண்டாகக் கேட்கலாம். வேகமாக இருக்கும், ஆனால் அவ்வளவு பெரிய துண்டு கிடைக்காமலும் போகலாம். துண்டு துண்டாக வாங்கித் தைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவானாலும் கிடைத்துவிடும். பூட்டக்காவுக்கு இதுதான் பிடிக்கும். ஒருமுறை குடும்பத்தோடு படத்துக்குப் போனபோது ஐந்து பேருக்கும் ஐந்து வரிசையில் டிக்கெட் எடுத்து வந்து நின்றார். "குடும்பமா படம் பார்க்க வந்தோமா, காணாமப் போக வந்தோமா?" என்றார் கணவர். "ஒட்டினாப்புல அஞ்சு சீட் இல்லைங்க. படம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று சொல்லிவிட்டுத் தன் வரிசையைத் தேடிப் போய்விட்டார். பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம்.

இதையெல்லாம்விட அவர் பயப்படுவது ஒன்று உண்டு. நினைவகம் தீர்ந்துபோனால் காவலன் சும்மா இருக்க மாட்டான். கோப்புப் பகுதியிடமே வந்து, "உன்கிட்ட தேங்கிக் கிடக்கறதை டிஸ்க்குல எழுதிட்டு இடத்தைக் காலி பண்ணு" என்பான். ஒரு நிரல் கோப்பில் வேலை செய்யும்போது வேறு யாரும் அதைத் தொடாதபடி பூட்டுப் போட்டிருக்கும்; எழுத வேண்டுமானால் அதைத் திறக்க வேண்டும். அந்தப் பூட்டோ, நினைவகம் கேட்டுக் காத்திருப்பவன் கையிலேயே இருக்கும். அவனுக்காக இவனும் இவனுக்காக அவனும் காத்துக் கிடக்க, கணினி அப்படியே உறைந்துவிடும். அதனால்தான் எந்த நிரலைக் கொடுத்தாலும் முதல் கேள்வி: "கேட்கும்போது பூட்டு யார் கையில?"

போன மாதம் அந்தக் கேள்வி சொந்த நாத்தனாரிடமே போய் நின்றது. கணவரின் தங்கை அதே அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவளைப் பார்த்து, "எல்லாம் மறந்திருக்கும், பாவம்" என்று சிலர் காதுபடவே பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் பெரிய கோப்புறைகளை நொடியில் வரிசைப்படுத்தும் நிரலை மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தாள். அதைப் பூட்டக்காவிடம் கொண்டுவந்த அன்று மாலைக்குள் உள்ளே போகாவிட்டால் அடுத்த வெளியீடு வரை அரை வருஷம் காத்திருக்க வேண்டும்.

"கேட்கும்போது பூட்டு யார் கையில? நினைவகத்தைக் குறைச்சு, பட்டினி போட்டுப் பார்த்தியா?" என்றார் பூட்டக்கா.

"பெரிய மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு, அண்ணி."

"அதுல நினைவகம் கொட்டிக் கிடக்கு. எது வேணா ஓடும்."

இருப்பதிலேயே சின்னக் கணினியில், நினைவகத்தை இன்னும் குறைத்து ஓட்டினார்கள். சற்று நேரத்தில் அது மூச்சுப் பேச்சில்லாமல் நின்றது. பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிரல் நினைவகம் கேட்டிருக்கிறது.

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற யாராவது எழுதியிருந்தா இப்படி நோண்டுவீங்களா?"

பூட்டக்காவுக்குச் சுருக்கென்றது. நோண்டியிருப்பார்தான், ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது? மனசு கேட்காமல், தன் வாழ்நாளில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "சரி, 'கோப்புப் பக்கம் வராதே'ன்னு காவலன்கிட்ட ஒரு வார்த்தை போட்டுடு. இந்த ஒரு தடவை."

"ஐயோ, அண்ணி! எல்லாரும் அப்படியே போட்டா அவன் இடத்துக்கு எங்கதான் போவான்னு ஊரையே கிழிக்கறது நீங்கதானே? எனக்கு மட்டும் என்ன சலுகை? வேணாம்."

"பூட்டறதுக்கு முன்னாடியே வாங்கி வைக்கலாம்னா, கோப்புறை எவ்வளவு பெருசுன்னு பூட்டின பிறகுதானே தெரியும்?" என்றார் பூட்டக்கா.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். "உத்தேசமா அளந்து முன்னாடியே வாங்கிக்கறேன். பூட்டிட்டு இன்னொரு தடவை அளக்கறேன். போதலைன்னா பூட்டை விட்டுட்டு வெளிய வந்து மறுபடி கேட்கறேன். வெட்கப்பட என்ன இருக்கு?"

 "எழுது" என்றார் பூட்டக்கா.

எழுதினாள். சின்னக் கணினியை மதியம் முழுக்கப் பட்டினி போட்டார்கள். அது முக்கியது, முனகியது, ஆனால் நிற்கவில்லை. பூட்டக்கா வரிவரியாகத் திரும்பப் படித்துச் சரி சொன்னபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குறை பேசியவர்களில் ஒருவர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்.

நாத்தனார் கிளம்பப் பையை எடுத்தாள். பூட்டக்கா தன் சொந்த மடிக்கணினியை மேசையில் எடுத்து வைத்தார். பிள்ளைகளின் படங்கள் மொத்தமும் அதில்தான் இருக்கின்றன. எந்தப் புது நிரலும் ஊர் முழுக்க ஓடி அலுத்த பிறகே அதற்குள் நுழையும்.

"அதுலயா ஏத்தப் போறீங்க? வேணாம், அண்ணி" என்றாள் நாத்தனார்.

பூட்டக்கா கடவுச்சொல்லைத் தட்டினார். கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்காரச் சொன்னார்.