மூன்றாம் நம்பர்

அலாரம் கீபேடில் புரோகிராம் போடுவது என்றால் சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் பீப் பீப் என்று பேச்சு வாங்குவது. இதே தொழிலில் இடுப்பொடிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004 வாக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அலாரம் மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மோட்டார் காயில் கட்டும் கம்பெனியில் நடந்தது இது.

ஆளுக்கொரு எண்

முதலாளிக்கு ஒன்று, மேனேஜருக்கு இரண்டு, வாட்ச்மேன் கன்னியப்பனுக்கு மூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு இலக்க ரகசியக் கோடு. யார் கோடு அழுத்திக் கதவைத் திறந்தாலும் அந்த எண்ணும் நேரமும் அலாரம் பெட்டிக்குள் பதிவாகும். எந்த எண் யாருக்கு என்று ஒரு பேப்பரில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுவது வழக்கம்.

கன்னியப்பன் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருபவர். காலை ரயில் நேரத்தையே கோடாக வைத்துக்கொண்டார். அதை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என் ஊட்டுக்கே பூட்டு இல்ல நைனா, எனக்குப் போயி நம்பர் குடுத்துக்கிறியே!"

டீ நேரம்

இரண்டு மாதம் கழித்து ஸ்டோர் கீப்பருக்கும் ஒரு கோடு கேட்டார்கள். பேப்பரில் 'நான்கு – ஸ்டோர் கீப்பர்' என்று முதலில் எழுதிவிட்டேன். அழுத்தும்போது கை தவறி அவர் கோடு மூன்றில் ஏறியது, கன்னியப்பனுடையது அழிந்தது. எல்லாவற்றையும் மறுபடி போடச் சோம்பல். கன்னியப்பனுடைய ரயில் நேரத்தை நான்கில் போட்டேன். இருவருக்கும் கதவு திறந்தது. பேப்பரைத் திருத்தப் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டோர் கீப்பர் டம்ளரை நீட்டினார்.

"அதான் வேல செய்யுதே, உடுங்க சார், டீ ஆறிடும்." பேனாவைப் பைக்குள் செருகிவிட்டு டம்ளரை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஒரு திங்கட்கிழமை செம்புக் கம்பி இரண்டு சுருள் காணவில்லை என்று போன் வந்தது. போய்ப் பதிவைப் பார்த்தேன். ஞாயிறு மதியம், மூன்றாம் எண். முதலாளி மூடியைத் திறந்து பேப்பரைப் படித்தார். "வாட்ச்மேன்தானே?" என்றார். டீ குடித்த நாள் எனக்கு ஞாபகமே வரவில்லை. "ஆமா சார்" என்றேன்.

ஞாயிறு முழுக்க வயலில் நாற்று நட்டதாகக் கன்னியப்பன் சொன்னார். யாரும் கேட்கவில்லை. வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு பனியனோடு அனுப்பினார்கள். கேட்டைத் தாண்டும்போது என்னிடம் மட்டும் நின்றார்.

"அந்த மெஷினுக்கு எம்மேல இன்னா நைனா கோவம்?"

மீஞ்சூர் ஸ்டேஷன்

பத்து நாள் கழித்து வேறொரு கம்பெனியில் கோடு போடும்போது கை அதேபோலத் தவறியது. அப்போதுதான் உறைத்தது, மூன்றாம் எண் ஸ்டோர் கீப்பருடையது என்று. ஓடிப்போய் காயில் கம்பெனி முதலாளியிடம் சொன்னேன். ஸ்டோர் கீப்பர் அதற்குள் வேலையை விட்டிருந்தார். வாட்ச்மேன் நாற்காலியில் புது ஆள். "சரி, பேப்பர மாத்தி ஒட்டிட்டுப் போங்க" என்றார் முதலாளி. அந்த நல்லவரைத் திருடனாக்கியது என் சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

சில மாதம் கழித்து மீஞ்சூர் ஸ்டேஷனில் கன்னியப்பனைப் பார்த்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூட்டையை இறக்கி வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் நைனா. ஊர்லதான் தெரியாது. ஒரு நாளு ஆரம்பாக்கம் வந்து, என் பொண்டாட்டியாண்ட இத்தச் சொல்லிட்டுப் போறியா?"

வருகிறேன் என்று சொன்ன நான், அந்த ரயிலில் எத்தனையோ தடவை ஏறி, ஒவ்வொரு தடவையும் ஆரம்பாக்கம் வருமுன் கும்மிடிப்பூண்டியிலேயே இறங்கிவிட்டேன். பேப்பரை மட்டும் இப்போதெல்லாம் இரண்டு முறை சரிபார்த்துத்தான் ஒட்டுகிறேன்.