கர்சர் நின்ற எழுத்து

பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்கு நாக்கு திரும்பவில்லை. நாம் பேசுவதெல்லாம் புரிந்தது, பதில்தான் வரவில்லை. இடது கை மட்டும் அசைந்தது, அதுவும் நடுங்கியபடி. போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் வேறொன்று விழும். வெறுத்துப்போய் போனையே தள்ளிவிட்டாள்.

நான் மைன்ஸில் கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் இருப்பவன். கறுப்புத் திரையோடு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் பழைய லேப்டாப்பில், டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் ஓடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினேன். எழுத்துகள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும். ஒரு கீயைத் தட்டினால் கர்சர் அடுத்த எழுத்துக்கு நகரும். இன்னொன்றைத் தட்டினால் அந்த எழுத்து வாக்கியத்தில் சேரும்.

ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடியது. தமிழில் கெட்டது. 'கொ'வுக்கு எவ்வளவு இடம் என்பதில் டெர்மினலின் கணக்கு ஒன்று, திரையில் தெரிந்தது வேறு. வரிசை போகப்போகக் கோணி, கர்சர் ஓர் எழுத்தில் நிற்க வேறோர் எழுத்து விழுந்தது. பல மாலைகள் போராடிவிட்டு லேப்டாப்பை மூடப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள்.

ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொல்கிறாள்! வரிக்கு ஓர் எழுத்து என்றால் அகலம் எப்படி இருந்தால் என்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால், இந்த வரியின் தொடக்கத்துக்குப் போ என்று கர்சருக்குக் கட்டளை கொடுத்தேன். பிசகாமல் போய் நின்றது. பாதி வாயால் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார்.

"நீங்க ஷிப்ட்டுக்குப் போய்ட்டா இத யாரு பாக்கறது மாப்ள? எங்க வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

அக்கறையில் சொன்னதுதான். துணிமணி எடுத்து வைக்கலாமா என்றும் என்னிடமே கேட்டார்.

அவள் லேப்டாப்பைக் காட்டினாள். அவள் மடியில் வைத்தேன். கர்சர் ஒவ்வொரு வரியாக இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"நான் வரல. என்னக் கேளுண்ணா."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பகலில் துணைக்கு யார் என்று அவளிடமே கேட்டார். எதிர் பிளாக் அக்கா வந்து இருப்பதை அவளே எழுதிச் சொன்னாள். அப்புறம் அண்ணியின் முழங்கால் வலியை விசாரித்தாள், முந்திரித் தோப்பை விசாரித்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று நான் மெல்ல நினைவூட்டினேன்.

"அடுத்த பஸ்ஸுல போய்க்கிறேன் மாப்ள," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தங்கச்சி பேசிகினு இருக்குது."