குடல் வாங்கும் டீச்சர்

விரல் நீளக் கெண்டைக் குஞ்சை இடது உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டு, பாதியாக ஒடித்த சவர பிளேடால் அடிவயிற்றில் ஒரு கீறு. குடல் நழுவி டிபன் பாக்ஸ் மூடியில் விழுகிறது. ஜெபராணி டீச்சர் அதை ஊசி முனையால் பிரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டுபோகிறார். "இவன் ஏரிக்காரன்" என்கிறார். அடுத்ததைக் கீறுகிறார். "இவன் ஓடைக்காரன்." வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மீன்தான்.

வைகை அணைக்குப் போகும் சாலையில் மீன் விற்கும் பஞ்சம்மாளுக்கு இந்த வாடிக்கையாளரை நினைத்தாலே சிரிப்பு வரும். "ஊர்ல எல்லாரும் மீன வாங்கிக் கொடலத் தூர எறியுறாக. இந்த டீச்சரம்மா கொடல வாங்கிட்டு மீன எங்கிட்டயே குடுத்துட்டுப் போறாக. இப்படி நாலு பேரு இருந்தா நான் மச்சு வீடு கட்டிருவேன்."

ஜெயமங்கலத்துக்குக் கிழக்கே, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரின் நடுநிலைப்பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணன்மார், தங்கை வந்தால் வாசலிலேயே சோப்பை நீட்டுவார்கள். பள்ளியிலோ அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து யாரும் ஒரு வாய் வாங்கமாட்டார்கள். அவர் அதே பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதிலேயே எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து நிம்மதியாகத் தின்பார். "வெட்டுறதும் கை, திங்கிறதும் கை. கைய மாத்திக்கிட்டா வாரீக?" என்று கேட்பார்.

மீன் குஞ்சு பாசியைத் தின்னும் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிட்டது. அந்த ஒரு வரி அவருக்குப் போதவில்லை. அத்தனை பெரிய வைகை நீர்த்தேக்கத்தை விட்டுவிட்டு, மழை பெய்ததும் குஞ்சுகள் ஏன் ஓடை வந்து சேரும் வாயில் போய் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன? வயிற்றைத்தான் கேட்க வேண்டும் என்று பிளேடை எடுத்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை.

தேங்கிய நீரில் மேய்ந்த குஞ்சின் குடலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற நீர்ப்பூச்சிகளும் பச்சைக் கூழும் இருக்கும். ஓடைவாய்க் குஞ்சின் குடலைப் பிரித்தால் எறும்புக் கால், ஈசல் இறகு, வெட்டுக்கிளிக் குஞ்சின் தலை. "ஓட்டத்தப் பாத்து மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சும்மா நிக்குதுக. மேலேருந்து வர்றதெல்லாம் வாய்க்குள்ள. இருந்த எடத்துல எல விரிச்சுச் சோறு போட்டா எவன் அலைவான்?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விருந்து வைத்தவரின் பெருமை தெரியும்.

எழுபத்து நான்காம் ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை, அந்த ஓடைவாய் முழுக்கக் குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன.

மீன் செத்தால் மீனை ஆராய வேண்டும். நம் ஊர்களில் சாதியை ஆராய்கிறார்கள். முந்தின நாள் கீழத்தெருப் பூமாரி, தங்கள் இறங்கு துறை சேறாகிக் கிடந்ததால், மேலத்தெருக்காரர்களின் துறையில் குடத்தை முக்கியிருக்கிறாள். போதாதா? தீட்டுப் பட்டுத் தண்ணீர்த் தெய்வம் கோபித்துக்கொண்டது என்றார்கள். தெய்வம் கோபித்துக்கொண்டு மீன் குஞ்சைக் கொல்லுவானேன் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இனிமேல் கீழத்தெரு அந்த ஓடையிலேயே இறங்கக் கூடாது என்று முடிவு கட்ட ஊர் கூடியது. அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அன்று கீழத்தெருப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கு வரவில்லை. காரணத்தைக் கேட்டறிந்த ஜெபராணி, அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடைக்கரைக்கு நடந்தார்.

கூட்டத்துக்கு நடுநாயகமாக இருந்தவர் மேலத்தெருச் சுருளிவேல். ஓடைக்கு மேலே விரிந்து கிடக்கும் பருத்திக் காடு அவருடையது. "டீச்சர், இது ஊர் விசயம். நீங்க போயிப் பாடம் நடத்துங்க."

"படிக்கிற பிள்ளைக வீட்டுல கெடக்குதுக. அதான் இங்கன வந்தேன்."

சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரம் குனிந்தார். செத்த குஞ்சுகளைக் கிளுவைக் குச்சியால் ஒதுக்கி அள்ளினார். மூடி வந்தது, பிளேடு வந்தது. ஒன்றைக் கீறினார், இன்னொன்றைக் கீறினார். எல்லாக் குடலும் புடைத்திருந்தன. உள்ளே செக்கச் செவேலென்று பூச்சிக் குஞ்சுகள்.

"இது தண்ணியில பொறக்குற பூச்சி இல்ல. ஓடை கொண்டாந்தது. எந்தச் செடியில இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் விவசாயிகள். பருத்திக் காயில் மொய்க்கிற சிவப்புப் பூச்சி என்று தெரியாமல் இல்லை.

"இலவ மரத்துலயும்தான் இருக்கு" என்றார் சுருளிவேல்.

"இருக்கு. இலவ மரத்துக்கு மருந்தடிச்சது யாரு?" டீச்சர் மூடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தின நாள் முழுக்கத் தன் காட்டில் அடிக்கச் சொன்ன எண்ட்ரின் பூச்சிமருந்தின் வாடையை அவர் மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சின்னக்கருப்பு, தன் முதலாளி சுருளிவேலை ஒருமுறை பார்த்தார். அவரும் கீழத்தெருக்காரர், பருத்திக்கு மருந்தடித்தவர். தன் தெருவே குற்றவாளியாக நிற்கும்போதும் அதுவரை வாய் திறக்காதவர்.

"மருந்தடிக்கிற மிஷினக் கழுவுனது நாந்தான்யா" என்றார். "எப்பயும் ஓடைக்குப் போற வாய்க்கால்லதான கழுவுறது. பூச்சியெல்லாம் மயங்கி மயங்கித் தண்ணியில விழுந்துச்சு. மீனுக ஓடைவாயில வந்து மொச்சுக்கிச்சு. நல்லா மேயுதேன்னு நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

தீர்ப்பு எதுவும் சொல்லப்படவில்லை. தப்பு மேலத்தெருவினுடையது என்று தெரிந்ததும் ஊருக்கு அவசர வேலைகள் வந்துவிட்டன. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுருளிவேல் பெரிய மனது செய்தார்: "சரி, போகட்டும். உங்க தொறையிலயே தண்ணி எடுத்துக்கங்க."

பூமாரி குடத்தோடு இறங்கினாள். டீச்சர் குறுக்கே கை நீட்டினார். "நில்லு ஆத்தா. மீனக் கொன்ன தண்ணி அது. கொஞ்ச நாளைக்கு யாரும் தொடாதீக."

"அப்ப எதக் குடிக்கிறது டீச்சர்? காலையிலருந்து பிள்ளைக தண்ணியில்லாமக் கெடக்குதுக."

ஜெபராணி அண்ணாந்து பார்த்தார். மேட்டில், பருத்திக் காட்டுக்கும் மேலே, சுருளிவேலின் கிணறும் மோட்டார் அறையும் இருந்தன. கீழத்தெருக்காரர்கள் அந்தக் காட்டில் மருந்தடிக்கலாம், களை எடுக்கலாம். கிணற்றை நெருங்கக் கூடாது.

குடத்தை அவரே வாங்கிக்கொண்டார். வரப்பில் ஏறினார். பின்னால் பூமாரி தயங்கித் தயங்கி வந்தாள். கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது.

"டீச்சர்" என்று சுருளிவேல் ஒரு தடவை கூப்பிட்டார். மூடி இன்னும் டீச்சரின் மற்றொரு கையில்தான் இருந்தது.

குழாயின் வாய்க்குக் கீழே குடத்தை நேராக வைத்தார். மோட்டார் அறைக் கதவைத் தள்ளித் திறந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் அழுத்தவில்லை. சுவரோடு ஒட்டி நின்று பூமாரிக்கு வழிவிட்டார்.

"கைய நல்லாத் தொடச்சுக்க ஆத்தா" என்றார். "கரண்டு."