அடுத்த குளிருக்கு வைத்த மெழுகு

அந்தக் கோடையில் என் மகள் விபத்தில் இறந்துபோனாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னர் அவளுடைய பொருட்களைக் கொடுத்துவிட நினைத்தேன். எதையும் ஊத்தையோடு பிறருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த அவளது பனிச்சறுக்குப் பலகையின் அடிப்பக்கம் முழுக்க ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. தோசை திருப்பும் தட்டகப்பையால் அதைச் சுரண்டி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

பலகையைக் கொண்டுபோக, மகளோடு வேலை செய்த பிள்ளை எங்கள் லா சப்பல் வீட்டுக்கு வந்தாள். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“மெழுகு எங்கை, அங்கிள்?”

“அந்த ஊத்தையோ? சுரண்டிப்போட்டன்.”

அவள் பலகையை மெல்லக் கட்டிலில் வைத்தாள்.

“அது ஊத்தை இல்லை, அங்கிள். கோடைக்கு எடுத்து வைக்கேக்கை அடி காய்ஞ்சு போகாமல் இருக்க மெழுகு பூசி, சுரண்டாமல் விடுறது. அடுத்த குளிருக்குச் சறுக்கப் போகேக்கைதான் சுரண்டுறது.”

“ஓம்,” என்றேன்.

“திருப்பிப் பூசலாம். அயன் பெட்டி இருக்கோ?”

மகளின் அலுமாரியில் மெழுகுக் கட்டி இருந்தது. வந்த பிள்ளை அதை அயன் பெட்டியின் சூட்டில் உருக்கிப் பலகையில் சொட்டவிட்டாள். நான் பெட்டியை வாங்கி, சட்டை அயன் பண்ணுவதுபோல் அதன்மேல் மெதுவாக இழுத்தேன். ஆறியதும் பலகை மறுபடி வெள்ளையானது. “இது உங்களிட்டையே இருக்கட்டும், அங்கிள்,” என்று அதை அவள் கொண்டுபோகவில்லை.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கோடை வந்தால் பலகையை வெளியே எடுத்து, பழைய மெழுகுக்கு மேலேயே இன்னொருமுறை பூசிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறேன். சுரண்டத்தான் கை வருவதில்லை.