நெஞ்சு என்றுதான் சொன்னாள்

மன்னாரிலிருந்து வந்த எமில்டாவுக்குக் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. பெட்டி அடுக்குவதில் அவளை வெல்ல ஆளில்லை. அடுக்கிக்கொண்டே பக்கத்தில் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பாள். அவளிடம் இருந்த முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்களே அதற்குப் போதுமாயிருந்தன.

1993 செப்டெம்பரில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோவில்லை. இரண்டு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கணவன் அன்புராசாவிடம், "இஞ்சருங்கோ, நெஞ்சுப் பக்கம் ஒரு மாதிரிக் கிடக்கு. டொக்டரிட்டைப் போவம்" என்றாள். அதற்குமேல் விளக்கிச் சொல்ல வெட்கம் விடவில்லை.

டொக்டர் வெள்ளைக்காரர். அன்புராசாதான் மொழிபெயர்த்தான். நெஞ்சு நோவு என்றான். டொக்டர் சட்டைக்கு மேலாலேயே குழாயை வைத்துக் கேட்டார். இதயத்தைப் பரிசோதிக்க அனுப்பினார். இதயத்தில் குறையில்லை. சண்டை நடக்கிற நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மனக்கவலையால் இப்படி வரும் என்று நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் போனார்கள். எமில்டா தன் கையை இடது பக்கம் வைத்துக் காட்டினாள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு அதே குளிசையை எழுதினார்.

அந்த வருடக் கடைசியில், அவளோடு வேலை செய்த டொரீன் என்ற வெள்ளைக்காரி இரண்டு மாத லீவுக்குப் பிறகு திரும்பி வந்தாள். எமில்டாவின் வயதுதான். மார்பில் பட்டாணியளவு கட்டி. சொன்ன அன்றைக்கே டொக்டர் தொட்டுப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, இரண்டு கிழமைக்குள் வெட்டியெடுத்துவிட்டார்களாம். சாப்பாட்டு மேசையில் மார்பைத் தொட்டுக் காட்டி எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

எமில்டா அவளைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மீ சேம்" என்று அவளுடைய கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். மறுநாள் டொரீனே தன் காரில் அவளைத் தன்னுடைய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்குள் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் சொன்னதை அன்புராசாதான் கேட்டான்.

"என்னவாம்?" என்றாள் எமில்டா.

"மருந்து துவங்கப் போயினமாம்."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது. முழுக்கச் சொல்லுங்கோ."

"ஒரு வருசத்துக்கு முன்னம் வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமாம்." அவன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன், எமில்டா."

"நானும் வடிவாச் சொல்லேல்லைத்தானே" என்றாள் அவள். பிறகு, "அந்தாள் ஒருக்கால் தொட்டுப் பாத்திருக்கலாம். டொரீனைத் தொட்டுப் பாத்தவங்கள்தானே" என்றாள்.

ஊசி மருந்தில் முடி கொட்டியது. எலும்பு வலி குறையவில்லை. 1996 பெப்ரவரியில் எமில்டா இறந்தாள். முப்பத்தொன்பது வயது.

அவர்களுடைய ஒரே மகள் மெலிசாவுக்கு அப்போது பதினைந்து. இங்கேயே படித்தவள், தண்ணீர்போல ஆங்கிலம் பேசுவாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தகப்பனிடம் கேட்டாள்:

"அப்பா, ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை? அம்மா எனக்கெண்டால் சொல்லியிருப்பா."