முழங்காலில் தாளம்

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். தோய்ச்ச உடுப்பில்லாத ஒரு நாள், மகளின்ர ரீசேட்டை வயித்தை எக்கிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். அதில அமெரிக்க ரொக் பாண்ட் ஒண்டின்ர படம். அவங்கட ஒரு பாட்டும் எனக்குத் தெரியாது.

மிச்சம் எண்ட ஊருக்குப் போற டிராமில பக்கத்தில நரைச்ச தாடியோட ஒரு அமெரிக்கர். ரெண்டு விரலால முழங்காலில தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். என்ர நெஞ்சைப் பாத்து, "இவங்களைப் பிடிக்குமோ?" எண்டு கேட்டார்.

"உயிர்!" எண்டன்.

மனுசன் முழுக்கதையும் சொன்னார். கராஜில துவங்கினது, முதல் அல்பம், பிறகு வந்த பேர், சண்டை, பிரிவு, இப்ப திரும்பச் சேந்தது. நான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரித் தலையாட்டினன்.

"முதல் அல்பத்தில டிரம்ஸ் அடிச்சது ஆர்?"

என்ர வயித்தில குச்சியோட நிண்டவனைத் தொட்டுக் காட்டினன். "இவன்தான். இவனைப்போல ஆர் அடிப்பான்!"

தாளம் தட்டின அவரின்ர விரல் நிண்டிட்டுது. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" எண்டிட்டு, அடுத்த தரிப்பில இறங்கிப் போயிட்டார்.

வீட்டில கதையைச் சொல்ல, மகள் போனில ஒரு பழைய படம் தேடிக் காட்டினாள். முதல் அல்பத்தில அடிச்சவரைப் பேர் எடுக்க முந்தியே விலத்திப்போட்டாங்களாம். படத்தில தாடி இல்லை. ஆனா அதே கண்.

இப்பவும் டிராமில ஆராவது முழங்காலில தட்டினா எனக்குத் திக்கெண்டிருக்கும். மகள் அண்டைக்குச் சொன்னது ஒண்டுதான்:

"தெரியாது எண்டு சொன்னா உங்கட வாய் நொந்திடுமோ, அப்பா?"